படைச் சேவையால் வந்த மனக்காயத்துக்கு இழப்பீடு கோருதல்: சிங்கப்பூர்த் தேசியச் சேவையாளருக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு வழிகாட்டி

முழுநேரத் தேசியச் சேவையில் ஒருவருக்குக் கால் முறிந்தால் என்ன நடக்கும் என்பது நம் வீடுகளில் ஏறக்குறைய எல்லோருக்கும் தெரியும். எக்ஸ்ரே எடுப்பார்கள், எம்சி எனும் மருத்துவ விடுப்புச் சான்றிதழ் கொடுப்பார்கள், படைப்பிரிவு சம்பவ அறிக்கை எழுதும். காயம் எந்த நாளில், எந்தப் பயிற்சியில், யார் கண்முன் ஏற்பட்டது என்று பின்னாளில் எவரும் ஐயம் எழுப்ப இடமிருக்காது. ஆனால் உடனிருந்த தோழர் விபத்தில் சிக்கியதைக் கண்டவருக்கும், பேரிடர் மீட்புப் பணியில் சடலங்களைத் தூக்கியவருக்கும், உடலில் கீறல்கூட இல்லாமல் பெரிய விபத்திலிருந்து தப்பியவருக்கும் மாதங்கள் கழித்துத் தூக்கம் கெட்டு, பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வந்து, ஒரு வேலையிலும் நிலைக்க முடியாமல் போகும்போது அவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு தாளும் இருப்பதில்லை. நோய் உண்மையானதா என்ற கேள்வியைவிட, அது சேவையால் வந்ததா என்ற கேள்வியில்தான் இத்தகைய கோரிக்கைகள் தடுமாறுகின்றன. ஆகவே இந்த வழிகாட்டி படிவங்களைவிட ஆவணங்களைப் பற்றியே அதிகம் பேசும்.

அதற்கு முன் ஒரு செய்தி. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ இருந்தால், இழப்பீட்டு வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு உடனே தொலைபேசியை எடுங்கள். சிங்கப்பூர் ஆயுதப்படையின் ஆலோசனைத் தொலைபேசிச் சேவை 1800-278-0022. மனநலக் கழகத்தின் 24 மணி நேர உதவி எண் 6389 2222. தேசிய மனநல உதவி எண் 1771. சமாரிட்டன்ஸ் அமைப்பின் எண் 1767. தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் குற்றமன்று என்பதால், போலிஸ் வழக்காகிவிடும் என்ற பழைய அச்சத்தில் யாரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

எந்தச் சட்டம் பொருந்தும், எது பொருந்தாது

பலரும் முதலில் நாடுவது மனிதவள அமைச்சின் வேலையிடக் காய இழப்பீட்டுத் திட்டத்தை. அது இங்கே பயன்படாது. 2020 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள 2019ஆம் ஆண்டின் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் சீருடைப் படையினரை உள்ளடக்கவில்லை. ஆயுதப்படையினரின் சேவைக் காயங்களுக்குச் சிங்கப்பூர் ஆயுதப்படைச் சட்டத்தின்கீழ் இயற்றப்பட்ட ஓய்வூதிய ஒழுங்குமுறைகள் உள்ளன. பெயரில் ஓய்வூதியம் என்ற சொல் இருப்பதால் அது நிரந்தரப் படைவீரர்களுக்கு மட்டுமே உரியது என்று நினைத்துப் பின்வாங்கிவிட வேண்டாம். தேசியச் சேவையாளரும் அந்த வழியில்தான் கேட்க வேண்டும். போலிஸ் படையிலோ குடிமைத் தற்காப்புப் படையிலோ தேசியச் சேவை ஆற்றியவர்கள் தற்காப்பு அமைச்சை நாடாமல் உள்துறை அமைச்சின்கீழ் உள்ள தங்கள் படையின் தேசியச் சேவைப் பிரிவை அணுக வேண்டும்.

தொகையைத் தீர்மானிக்கும்போது தற்காப்பு அமைச்சு வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தை ஓர் அளவுகோலாகக் கொள்கிறது. அச்சட்டத்தின்கீழ் நிரந்தர முழு இயலாமைக்கான உச்சவரம்பு 2025 நவம்பர் 1 முதல் 289,000 வெள்ளியிலிருந்து 346,000 வெள்ளியாக உயர்ந்தது. இந்த எண்ணைப் பார்த்துவிட்டு வீட்டில் கணக்குப் போடத் தொடங்கக் கூடாது. அது தொழிலாளர்களுக்கான, அதுவும் முழு இயலாமைக்கான உச்சம். இயலாமை எத்தனை விழுக்காடு என்று மருத்துவ மதிப்பீடு சொல்கிறதோ அதற்கேற்பத்தான் எந்தத் தொகையும் அமையும்.

நீதிமன்றத்துக்குப் போகலாமே என்று கேட்பவர்கள் 1956ஆம் ஆண்டின் அரசாங்க வழக்கு நடவடிக்கைகள் சட்டத்தின் 14ஆம் பிரிவைத் தெரிந்துகொள்ள வேண்டும். படைவீரர் ஒருவர் பணியிலிருக்கும்போது இன்னொரு படைவீரரின் செயலாலோ கவனக்குறைவாலோ காயமுற்று, அந்தக் காயம் சேவையால் ஏற்பட்டதாகக் கருதி இழப்பீட்டு விதிகளின்கீழ் நடத்தப்படும் என்று அமைச்சர் சான்றளித்தால், அதற்காக அரசாங்கத்தின்மீது நட்டஈட்டு வழக்குத் தொடுக்க முடியாது. இது நியாயமா என்பது தனி விவாதம். நடைமுறையில் இதன் பொருள், நிர்வாக வழியில் வைக்கும் கோரிக்கைதான் பெரும்பாலோருக்கு உள்ள ஒரே வாய்ப்பு என்பதால், அதை அரைகுறையாகத் தயாரித்துக் கொடுத்துவிட்டுப் பிறகு நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட முடியாது.

வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் விவகாரத் துறை மனநோய்களை 0, 10, 30, 50, 70, 100 விழுக்காடு என்ற படிகளில் வகைப்படுத்தி மாதந்தோறும் பணம் தருகிறது. இந்தியாவில் ஊனம் 20 விழுக்காட்டுக்குக் குறையாமலும், சேவையால் ஏற்பட்டதாகவோ மோசமடைந்ததாகவோ இருந்தால் ஊன ஓய்வூதியம் உண்டு. படையில் சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லாவிட்டால் அது சேவையால் வந்ததாகவே அனுமானிக்க வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. இவற்றுள் எதையும் சிங்கப்பூர் விண்ணப்பத்தில் உரிமையாக மேற்கோள் காட்ட முடியாது. ஆனால் இந்தியத் தரைப்படையில் பணியாற்றி ஓய்வுபெற்று இப்போது பிள்ளைகளோடு ஈசூனிலோ செங்காங்கிலோ வசிக்கும் தகப்பனாருக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தக்கூடும். அவருடைய கோரிக்கை இந்தியாவுக்குத்தான் போக வேண்டும்.

நோய்க்கு முதலில் சரியான பெயர்

பிடிஎஸ்டி எனப்படும் அதிர்ச்சிக்குப் பிந்திய மனஉளைச்சல் நோயை உறுதிப்படுத்த மனநல மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் வரையறை கறாரானது. மரணம், கடுமையான காயம், பாலியல் வன்முறை ஆகியவற்றில் ஒன்று நேர்ந்திருக்க வேண்டும் அல்லது நேரும் அபாயம் இருந்திருக்க வேண்டும். அதை அவர் தாமே அனுபவித்திருக்கலாம், நேரில் கண்டிருக்கலாம், நெருங்கியவர் வன்முறையிலோ விபத்திலோ சிக்கியதை அறிந்திருக்கலாம், அல்லது சடலங்களைச் சேகரிக்கும் பணி போல வேலையின் பகுதியாக அத்தகைய கொடுமைகளை மீண்டும் மீண்டும் எதிர்கொண்டிருக்கலாம். அதன்பின் நான்கு வகை அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும்: நிகழ்ச்சி மனத்துக்குள் வலிந்து திரும்ப வருதல், அதை நினைவூட்டும் இடங்களையும் பேச்சையும் தவிர்த்தல், தன்னையும் உலகையும் பற்றிய எண்ணங்கள் இருண்டுபோதல், எந்நேரமும் உடல் விழிப்பிலேயே இருந்து திடுக்கிடுதல், எரிந்து விழுதல், தூங்க முடியாமை. முழு அறிகுறிகளும் வெளிப்பட 6 மாதங்களோ அதற்கு மேலோ ஆகலாம் என்பதை மருத்துவ உலகமே ஒப்புக்கொள்கிறது. ஓஆர்டி, அதாவது முழுநேரச் சேவை, முடிந்து இவ்வளவு நாள் கழித்து வந்த நோயைச் சேவையோடு எப்படி இணைப்பது என்று தயங்குபவர்களுக்கு இது முக்கியமான செய்தி.

அதே சமயம், மேலதிகாரியின் வசை, முகாம் வாழ்க்கையின் தனிமை, குடும்பப் பிரிவு ஆகியவற்றால் வந்த மனச்சோர்வு கடுமையாகவே இருந்தாலும் மருத்துவர் அதற்குப் பிடிஎஸ்டி என்ற பெயரைத் தரமாட்டார். மனச்சோர்வு நோய் என்றோ சூழலுக்கு இணங்க முடியாத கோளாறு என்றோ எழுதுவார். அந்தப் பெயர்களைக் கேட்டு ஏமாற்றம் அடைந்து, விரும்பிய பெயரைத் தரும் மருத்துவரைத் தேடி ஊர் சுற்ற வேண்டாம். சேவையோடு தொடர்பு இருந்தால் வேறு மனநோய்க்கும் கோரிக்கை வைக்கலாம். ஒவ்வோர் அறிக்கையிலும் ஒவ்வொரு பெயர் இருப்பதுதான் பெரிய இடைஞ்சல்.

இன்னும் சேவையில் இருப்பவர் முகாம் மருத்துவ நிலையத்தில் ‘ரிப்போர்ட் சிக்’ செய்து, அதாவது உடல்நலமில்லை என்று பதிந்து, மனநலப் பிரச்சினை என்பதை வெளிப்படையாகச் சொல்லி, மனநல மருத்துவரிடம் பரிந்துரை கேட்க வேண்டும். தலைவலி, வயிற்றுவலி என்று சொல்லி எம்சி வாங்கிக்கொண்டு வருவது நம் பையன்களிடம் மிகச் சாதாரணம், ஏனென்றால் ‘கெங்’ போடுகிறான், அதாவது நோய் என்று நடிக்கிறான் என்று பிளட்டூனில் பெயர் வாங்குவதைவிடத் தலைவலி மேல். ஆனால் இரண்டு ஆண்டு கழித்துக் கோப்பைத் திறந்து பார்க்கும்போது அதில் இருப்பது வெறும் தலைவலிதான். சேவை முடித்தவர்கள் பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் பெற்று மனநலக் கழகத்துக்கோ பொது மருத்துவமனை மனநலப் பிரிவுக்கோ செல்வது நல்லது. கட்டணச் சலுகை கிடைப்பதுடன், பதிவுகள் தொடர்ச்சியாக ஓரிடத்தில் இருக்கும். மனநலக் கழகத்தை இன்றும் உட்பிரிட்ஜ் என்ற பழைய பெயராலேயே சொல்லிக் குரலைத் தாழ்த்திக்கொள்ளும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுடைய தயக்கத்துக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் நோயும் முற்றும், கோப்பும் வெறுமையாக இருக்கும்.

ஆவணங்களைத் திரட்டுதல்

நிகழ்ச்சி நடந்த உடனேயே படைப்பிரிவுக்கு எழுத்தில் தெரிவிப்பதுதான் சிறந்தது. அது தவறிப்போயிருந்தால் இப்போது தொடங்கலாம். முதலில் ஒரு காலவரிசை எழுதுங்கள்: படையில் சேர்ந்த நாள், பிரிவு, பயிற்சி அல்லது பணியின் பெயர், நிகழ்ச்சி நடந்த நாள் அல்லது மாதம், இடம், அப்போது உடனிருந்தவர்கள், அதன்பின் முதன்முதலில் தோன்றிய மாற்றம், முதன்முதலில் யாரிடம் சொன்னீர்கள், முதல் மருத்துவச் சந்திப்பு. சரியான நாள் நினைவில் இல்லையென்றால் ஊகித்து எழுதாதீர்கள். ‘தீபாவளி விடுப்புக்குப் பிறகு, பயிற்சி முடியும் முன்’ என்பதுபோல் எழுதுவது, பின்னால் பொய்யென்று நிரூபிக்கப்படக்கூடிய ஒரு தேதியை எழுதுவதைவிட வலுவானது.

அடுத்து, அந்தக் காலவரிசையின் ஒவ்வொரு வரிக்கும் எந்தத் தாள் சான்றாகும் என்று பாருங்கள். முகாம் மருத்துவ நிலையத்தின் பதிவுகள், எம்சிகள், மருந்துச் சீட்டுகள், பயிற்சி விலக்கைக் குறிக்கும் ஸ்டேட்டஸ் தாள்கள், ஆயுதப்படை ஆலோசகரைச் சந்தித்ததற்கான குறிப்பு, வெளிநாட்டுப் பணிக்கான ஆணை, பணியில் பங்கேற்றதற்கான சான்றிதழ் அல்லது பதக்கம் ஆகியவை இதில் சேரும். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை தாக்கியபின் ஆச்சேவுக்குச் சென்றவர், 2007 முதல் 2013 வரை ஆப்கானிஸ்தானில் பணியாற்றியவர், 2023இல் துருக்கி நிலநடுக்க மீட்புக்குச் சென்ற குடிமைத் தற்காப்புப் படையினர் ஆகியோருக்குப் பணி நடந்ததை நிறுவுவது எளிது. அவர்கள் அங்கே தாமே எதைப் பார்த்தார்கள் என்பதைத்தான் நிறுவ வேண்டும். உள்நாட்டுப் பயிற்சியில் நடந்த சிறு விபத்துக்கு நிலைமை நேர்மாறானது: பார்த்தவர் பலர் இருப்பார்கள், தாள் இருக்காது. உங்களிடம் இல்லாத மருத்துவப் பதிவுகளை எழுத்துமூலம் கேளுங்கள். கேட்ட கடிதத்தின் படியையும் வைத்திருங்கள்.

தோழர்களின் வாக்குமூலம் இங்கே பெரிதும் உதவும். ‘நல்ல பையன், பாவம் மிகவும் கஷ்டப்படுகிறான்’ என்ற நற்சான்று எதற்கும் உதவாது. ‘அன்று நான் அவருக்கு இருபது அடி தூரத்தில் நின்றேன்; இன்னதைப் பார்த்தேன்; மறுநாளிலிருந்து அவர் சாப்பாட்டுக் கூடத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்’ என்ற மூன்று வாக்கியம் போதும். அவர்கள் எழுதும்போது பயிற்சி இரகசியங்களையும் ஆயுத விவரங்களையும் படங்களையும் தவிர்க்கச் சொல்லுங்கள். கோரிக்கைக்கு அவை தேவையும் இல்லை. அதேபோல், நிகழ்ச்சியைப் பற்றி முகநூலில் எழுதி ஆதரவு திரட்டுவது கோரிக்கைக்குப் பலம் சேர்க்காது.

மருத்துவ அறிக்கையும் உங்கள் சொந்த வாக்குமூலமும்

மனநல மருத்துவரிடம் வெறுமனே ‘ஒரு ரிப்போர்ட் வேண்டும்’ என்று கேட்டால், நோயின் பெயரும் மருந்துகளும் மட்டும் கொண்ட அரைப்பக்கம் கிடைக்கும். அறிக்கை எதற்காக என்பதைச் சொல்லி, நான்கு கேள்விகளுக்குப் பதில் இருக்கும்படி வேண்டிக்கொள்ளுங்கள். நோய் எது, எந்த வரையறைப்படி? அதற்குக் காரணமாக மருத்துவர் கருதும் நிகழ்ச்சி எது, அவ்வாறு கருத என்ன அடிப்படை? இதுவரை தந்த சிகிச்சை என்ன, பலன் என்ன? வேலை, படிப்பு, உறவுகள், தூக்கம் ஆகியவற்றில் இன்று உள்ள குறைபாடு எவ்வளவு, அது நிரந்தரமாக இருக்குமா? இரண்டாம் கேள்விதான் உயிர்நாடி. சேவைக்கு முன்பே மனநோய் இருந்திருந்தால் அதை மறைக்காதீர்கள். பழைய பதிவுகள் வெளிவரும், அப்போது உண்மையாகச் சொன்ன மற்றவையும் சேர்ந்து கெடும். சேவையால் பழைய நோய் மோசமானதா என்பது மருத்துவர் தனியே பதில் சொல்லக்கூடிய கேள்வி.

பிடிஎஸ்டி அறிகுறிகளை அளக்கும், 20 கேள்விகள் கொண்ட பிசிஎல்-5 போன்ற வினாத்தாள்களை இணையத்தில் நிரப்பி, வந்த மதிப்பெண்ணை இணைப்பவர்கள் உண்டு. அது நோயைக் கண்டறியும் சான்று ஆகாது. ஆனால் மருத்துவரிடம் சிகிச்சை பெறும் காலம் முழுவதும் இடைவெளிவிட்டு நிரப்பப்பட்ட தாள்கள் கோப்பில் இருந்தால், நிலைமை எப்படி ஏறி இறங்கியது என்பதை அவை காட்டும்.

உங்கள் வாக்குமூலத்தில் நிகழ்ச்சியின் கொடூரத்தைப் பக்கம் பக்கமாக விவரிக்கத் தேவையில்லை. அப்படி எழுதுவது எழுதுபவரையே மீண்டும் நோயில் தள்ளும். மதிப்பிடுபவருக்கும் அதிலிருந்து அதிகம் கிடைக்காது. இயலாமை என்பது இன்று செய்ய முடியாதவற்றால் அளக்கப்படுகிறது. ‘எனக்கு எப்போதும் பயமாக இருக்கிறது’ என்பதற்குப் பதிலாக, ‘லாரி டயர் வெடித்த சத்தம் கேட்டு வேலையிடத்தை விட்டு ஓடினேன், அந்த வேலை போயிற்று, எம்ஆர்டியில் கூட்ட நேரத்தில் ஏற முடியாததால் இரவு வேலை மட்டும் செய்கிறேன், என் மகன் அருகில் தூங்கினால் கனவில் அவனை அடித்துவிடுவேனோ என்று தனியறையில் படுக்கிறேன்’ என்று எழுதுங்கள். வேலையைவிட்டு நின்ற கடிதம், சம்பளம் குறைந்ததைக் காட்டும் மத்திய சேம நிதி அறிக்கை, பல்கலைக்கழகப் படிப்பை ஒத்திவைத்த கடிதம் ஆகியவற்றை அந்தந்த வாக்கியத்தோடு இணைக்கலாம். மனைவியோ தாயோ தமக்குத் தெரிந்ததைத் தனியாக எழுதட்டும். ஒரே சொற்களை இருவரும் எழுதினால் சொல்லிக்கொடுத்ததுபோல் தோன்றும்.

மதிப்பீட்டு நாள்

நிரந்தர இயலாமையின் அளவை நோய் ஓரளவு நிலைபெற்ற பிறகே உறுதியாகச் சொல்ல முடியும் என்பதால், சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது மதிப்பீடு தள்ளிப்போவது இயல்பு. அதை மறுப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சிகிச்சையை நிறுத்தினால் இயலாமை அதிகமாகத் தெரியும் என்று சிலர் காதோடு சொல்லும் யோசனை கெடுதலானது. அதிர்ச்சியை மையப்படுத்திய பேச்சுச் சிகிச்சைகளும், கண்ணசைவைப் பயன்படுத்தும் இஎம்டிஆர் முறையும், செர்ட்ரலின் போன்ற மருந்துகளும் பலருக்கு உண்மையாகவே பலனளிக்கின்றன. முறையாகச் சிகிச்சை எடுத்தும் எஞ்சி நிற்கும் குறைபாடுதான் கோரிக்கைக்கும் வலுவான அடிப்படை.

மருத்துவக் குழுவின் முன் செல்லும் நாளில் நல்ல நாளைப் பற்றியும் சொல்லுங்கள், மோசமான நாளைப் பற்றியும் சொல்லுங்கள். வாரத்தில் எது எத்தனை நாள் என்றும் சொல்லுங்கள். ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று கேட்டதும் ‘ஓகே சார்’ என்று நிமிர்ந்து உட்காரும் படைப் பழக்கம் இங்கே உங்களுக்கு எதிராக வேலை செய்யும். தமிழில்தான் மனம்விட்டுப் பேச முடியும் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிவியுங்கள். மூத்த முன்னாள் வீரர்களுக்கும், விவரம் சொல்ல உடன்வரும் பெற்றோருக்கும் இது மிக அவசியம்.

இதற்கிடையில் கைகொடுப்பவை

குடும்ப வருமானம் விழுந்துவிட்டால் வட்டாரச் சமூகச் சேவை அலுவலகத்தில் காம்கேர் எனும் அரசாங்க நிதியுதவி கேட்கலாம். இழப்பீட்டு முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கேர்ஷீல்டு லைஃப் என்ற நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதி பற்றிப் பலர் கேட்கிறார்கள். குளித்தல், உடுத்துதல், உண்ணுதல் போன்ற 6 அன்றாடச் செயல்களில் குறைந்தது 3 செயல்களைப் பிறர் உதவியின்றிச் செய்ய முடியாதவர்களுக்கே அது உரியது என்பதால், மனக்காயம் மட்டுமே உள்ளவர்கள் பெரும்பாலும் தகுதி பெறமாட்டார்கள். இனி எந்த வேலையும் செய்ய இயலாது என்று மருத்துவர் சான்றளித்தால் மத்திய சேம நிதியிலிருந்து மருத்துவக் காரணத்துக்காகப் பணம் எடுக்கும் வழி உண்டு. ஆனால் 25 வயது இளைஞர் ஒருவர் அந்தச் சான்றுக்கு அவசரப்படுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்; ‘இனி எப்போதுமே முடியாது’ என்ற முடிவு சிகிச்சைக்கும் மனத்துக்கும் நல்லதன்று. தேசியச் சேவையாளருக்கான குழுக் காப்புறுதியையும் சொந்தக் காப்புறுதிகளையும் எடுத்து, மனநோய் விலக்கு விதி உண்டா என்று படித்துப் பாருங்கள்.

நோயைப் பதிவு செய்தால் வேலை கிடைக்காது என்ற அச்சம் முழுவதும் ஆதாரமற்றது என்று சொல்ல முடியாது, ஆனால் நிலைமை மாறி வருகிறது. வேலை விண்ணப்பப் படிவங்களில் மனநோய் பற்றி நிறுவனங்கள் கேட்கக் கூடாது என்று அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் ஆகியவற்றின் முத்தரப்பு வழிகாட்டுதல் 2020 முதல் கூறுகிறது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் மனநலப் பாதிப்பையும் பாதுகாக்கப்பட்ட காரணங்களுள் சேர்த்துள்ளது.

மீண்டும் அழைப்பு வந்தால்

முழுநேரச் சேவை முடித்த தயார்நிலைத் தேசியச் சேவையாளருக்கு ஐசிடி எனும் முகாம் பயிற்சிக்கான அழைப்பு வரும்போது சிக்கல் கூர்மையாகிறது. அழைப்புக்குப் பயந்து போகாமல் இருந்துவிடாதீர்கள். அது சேர்ப்புச் சட்டத்தின்கீழ் குற்றம், மனநோய் தானாகவே அதற்கு விலக்கு ஆகாது. தேசியச் சேவையாளருக்கான ஒன்என்எஸ் இணையவாசல் வழியாக, மருத்துவரின் கடிதத்தை இணைத்து, அழைப்பு நாளுக்கு முன்பே மருத்துவ மறுஆய்வு கேளுங்கள். ஆயுதம் கையாள்வதிலிருந்தும் வெடிச்சத்தம் உள்ள பயிற்சியிலிருந்தும் விலக்கு தேவையா என்பதை மருத்துவர் அந்தக் கடிதத்திலேயே தெளிவாக எழுதட்டும். இந்த மறுஆய்வில் பெஸ் எனும் மருத்துவத் தகுதி நிலை மாறினால் அந்தத் தாளும் உங்கள் இழப்பீட்டுக் கோப்பில் சேர வேண்டியது; ஆனால் பெஸ் நிலை இறங்கியதாலேயே சேவைக் காயம் ஒப்புக்கொள்ளப்பட்டதாகிவிடாது. இரண்டும் வெவ்வேறு முடிவுகள்.

மறுப்புக் கடிதம் வந்தால்

கோபத்தில் அன்றிரவே பதில் எழுதாதீர்கள். மறுத்ததற்கு அடிப்படை எது என்பதைக் கடிதத்திலிருந்து கண்டுபிடியுங்கள்: நோயே உறுதிப்படவில்லையா, நோய் உண்டு ஆனால் சேவையோடு தொடர்பில்லையா, தொடர்பு உண்டு ஆனால் நிரந்தர இயலாமை இல்லையா. கடிதம் தெளிவாக இல்லையென்றால் இந்த மூன்றில் எது என்று எழுத்தில் கேளுங்கள். மறுஆய்வுக்கான வழியையும் கெடுவையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். முதலாவது காரணம் என்றால் இன்னொரு மனநல மருத்துவரின் விரிவான மதிப்பீடு தேவை. இரண்டாவது என்றால் தோழர்களின் வாக்குமூலத்துக்கும் விடுபட்ட பதிவுகளுக்கும் திரும்பச் செல்ல வேண்டும். முதல் விண்ணப்பத்தில் சொன்னதையே உரத்த குரலில் திரும்பச் சொல்வதால் பயனில்லை. மூன்றாவது என்றால் சிகிச்சையைத் தொடர்ந்துகொண்டே, வேலையிலும் வீட்டிலும் ஏற்படும் தடைகளை மாதந்தோறும் குறித்துவைத்து, நிலைமை மோசமானால் புதிய மருத்துவ அறிக்கையுடன் மறுபடி கேட்கலாம்.

தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குச் சென்று கடிதம் வாங்குவது நம்மவர்கள் முதலில் நினைக்கும் வழி. முடங்கிக் கிடக்கும் கோப்பை நகர்த்த அது உதவும். மருத்துவ முடிவை அது மாற்றாது. அங்கே போகும்போதும் காலவரிசை ஒரு பக்கத்தில், மறுப்புக் கடிதத்தின் படி, மருத்துவர் எழுதிய அறிக்கை ஆகிய மூன்றையும் கையில் கொண்டுபோனால், கடிதம் எழுதும் தொண்டூழியர் உங்கள் கதையைத் தம் சொற்களில் சுருக்கி எழுதி விவரங்களைத் தவறவிடும் வாய்ப்பு குறையும்.